பதில் பேசும் திரையும் பிள்ளைகளின் படிப்பும்

ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் பெங்களூருவின் பள்ளிகள் திறக்கும் வேளை நெருங்கினால் வங்கிக் கிளைகளின் தோற்றமே மாறிவிடும். கட்டணத்திற்கு வரைவோலை எடுக்க வருவோர், நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடிக்க வருவோர், நகைக்கடன் கேட்டு வருவோர் என்று வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் பெற்றோர்களாகவே இருப்பார்கள். சில ஆண்டுகளாக அந்த வரிசையில் புதிய கோரிக்கை ஒன்றும் சேர்ந்துகொண்டது. மாதந்தோறும் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் ஒரு தொகையை நிறுத்தித் தர வேண்டும் என்பதே அது.

அப்படி வந்தவர்களில் ஒரு தாயை நாம் மறக்கவில்லை. ஸ்ரீராமபுரத்தில் குடியிருப்பவர், ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை செய்பவர். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகளுக்காக இணையவழிப் பாடத்திட்டம் ஒன்றில் சேர்ந்திருந்தார். வீட்டிற்கு வந்த விற்பனைப் பிரதிநிதி கைப்பேசியில் சில பக்கங்களைக் காட்ட, வந்த கடவு எண்ணைச் சொல்லியிருக்கிறார். மாதம் 3,000 ரூபாய் கட்டணம் என்றும், வேண்டாமென்றால் கேபிள் இணைப்பைப் போல நிறுத்திவிடலாம் என்றும் நினைத்திருக்கிறார். ஆவணத்தைப் பார்த்தபோது உண்மை வேறாக இருந்தது. அது 36,000 ரூபாய்க் கடன், பன்னிரண்டு தவணைகள், நான்குதான் முடிந்திருந்தன.

தானியங்கிப் பற்று ஆணையை நிறுத்தலாம், ஆனால் கடன் நிற்காது என்பதை விளக்கினோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கட்ட வேண்டியதைக் கட்டிவிடுகிறேன் சார். இதில் பிள்ளைக்குப் படிப்பு வருமா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

வணிகவியல் படித்துப் பற்று வரவு பார்க்கும் நமக்கு அன்று அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயன்றோம். அந்த முயற்சியில் அறிந்தவற்றையே நம் வாடிக்கையாளர் குடும்பங்களுக்கு இங்கே முன்வைக்கிறோம்.

ஒருவழித் திரையும் இருவழித் திரையும்

திரையின் வழியே பாடம் கற்பிக்கும் எண்ணம் நம் நாட்டில் புதிதன்று. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றைப் பயன்படுத்தி, கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியைக் கொண்டுசென்றது. காலை நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டது. பின்னர், கல்விக்கென்றே உருவாக்கப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்டது.

இவை அரிய முயற்சிகள். எனினும் தொலைக்காட்சிக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுமிக்குப் பாடம் புரிந்ததா என்பது திரைக்குத் தெரியாது. அவள் புரியாமல் விழித்தாலும், உறங்கிவிட்டாலும் பாடம் தன் வேகத்தில் ஓடி முடிந்துவிடும்.

இன்று 'ஊடாடும் இணையத் தொழில்நுட்பம்' என்று வழங்கப்படுவது இந்த எல்லையைக் கடக்கும் முயற்சியே. இதில் திரை பிள்ளையின் செயலுக்காகக் காத்திருக்கிறது. பிள்ளை ஒன்றைத் தொட்டோ, இழுத்தோ, எழுதியோ விடையளித்தால் அதற்கேற்ப அடுத்த காட்சி மாறுகிறது. முன்பு இத்தகைய பாடங்களை இயக்கக் கணினியில் ஃபிளாஷ் போன்ற தனி மென்பொருள் இருக்க வேண்டியிருந்தது. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிவுக்கு வந்தது. அதற்கு மாற்றாகப் பரவிய எச்டிஎம்எல்5 என்னும் முறையில் உருவான பாடங்கள், சாதாரணக் கைப்பேசியின் உலாவியிலேயே இயங்குகின்றன. ஊடாடும் பாடங்கள் கணினி இல்லாத வீடுகளையும் எட்டியதற்கு இந்த மாற்றம் ஒரு முக்கியக் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இயற்பியலுக்கான நோபல் பரிசை 2001-ல் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், மறு ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'பெட்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அறிவியல், கணிதச் சோதனைகளைத் திரையில் செய்து பார்க்கும் வசதியை அது இலவசமாக அளிக்கிறது. அவற்றுள் பல தமிழிலும் கன்னடத்திலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. மின்சுற்று பற்றிய பாடத்தில் மின்கலம், கம்பி, விளக்கு ஆகியவை திரையில் சிதறிக் கிடக்கும். பிள்ளை அவற்றை இணைக்க வேண்டும். சரியாக இணைத்தால் விளக்கு எரியும். விளக்கே இல்லாமல் மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் சேர்த்துவிட்டால் மின்கலம் தீப்பற்றுவதைத் திரையில் காணலாம். குறுக்குச்சுற்று என்றால் என்னவென்று பத்து முறை படிப்பதைவிட ஒரு முறை இப்படி 'தீ வைத்து'ப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது. வீட்டிலோ பள்ளியிலோ அஞ்சாமல் செய்ய முடியாத தவறைத் திரையில் செய்து பார்க்க முடிகிறது.

நம் தொழிலிலிருந்தே ஓர் ஒப்புமை கூறலாம். வங்கியில் ஒவ்வொரு நாளும் மாலையில் ரொக்கத்தை எண்ணி, ஏட்டுடன் ஒப்பிட்டு நேர்செய்த பிறகே வீடு திரும்புகிறோம். நூறு ரூபாய் வேறுபட்டால் அன்றே தெரிந்துவிடும். ஆண்டிறுதித் தணிக்கை வரை காத்திருந்தால், அந்த நூறு ரூபாய் எங்கே தவறியது என்பதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. பிள்ளைகளின் படிப்பில் இதுவரை பெரும்பாலும் ஆண்டிறுதித் தணிக்கை மட்டுமே நடந்துவந்தது. நல்ல ஊடாடும் பாடம் ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் நாள்முடிவு நேர்செய்தலை நடத்துகிறது.

தில்லியில் நடந்த ஒரு சோதனை

இதனால் உண்மையிலேயே பயன் விளைகிறதா? இக்கேள்விக்கு நம் நாட்டிலேயே முறையாக நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று விடையளிக்கிறது. 2015-ன் பிற்பகுதியில் தொடங்கி ஏறத்தாழ நாலரை மாதம், தில்லியின் அரசு நடுநிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 619 மாணவரைக் கொண்டு கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெகாந்திரோ கனிமியன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் அதை நடத்தினர். முடிவுகள் 2019-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளிவந்தன. மாணவர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மைண்ட்ஸ்பார்க் என்னும் மென்பொருளின் துணையுடன் பள்ளி நேரத்திற்குப் பின் இலவச வகுப்பு அளிக்கப்பட்டது.

தொடக்கத் தேர்விலேயே ஓர் உண்மை வெளிப்பட்டது. ஆறாம் வகுப்பு மாணவரின் சராசரிக் கணிதத் தகுதி, அவ்வகுப்புக்குரிய நிலையிலிருந்து இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தது. அதாவது, மூன்றாம் வகுப்புக் கணக்கில் தடுமாறும் பிள்ளை ஆறாம் வகுப்புப் பாடத்தின் முன் அமர்ந்திருந்தது. ஆசிரியர் எத்துணைத் திறமையாக நடத்தினாலும் அப்பாடம் அப்பிள்ளையைச் சென்றடையாது. நாற்பது பேருக்கு நாற்பது நிலைகளில் பாடம் நடத்த ஒரு மனிதரால் இயலாது.

அம்மென்பொருள் செய்தது இதைத்தான். ஒவ்வொரு மாணவரும் எந்நிலையில் இருக்கிறார் என்பதைக் கேள்விகள் வழியே அறிந்து, அங்கிருந்தே தொடங்கியது. தவறான விடையின் தன்மையைக் கொண்டு, எதைப் புரிந்துகொள்ளவில்லை என்று கணித்து, அதற்குரிய பயிற்சியைக் கொடுத்தது. முடிவில், குலுக்கலில் இடம் பெற்றவர்களின் முன்னேற்றம் மற்றவர்களைவிடக் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்க அளவு கூடுதலாக இருந்தது. நான்கைந்து மாதத்தில் கிடைத்த பலன் என்ற வகையில் இது பெரிய முன்னேற்றமாகும். வகுப்பில் பின்தங்கியிருந்தவர்களுக்கு ஒப்பீட்டளவில் அதிகப் பயன் கிடைத்தது.

ஆய்வின் இரு செய்திகளைப் பெற்றோர் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, தொண்ணூறு நிமிட வகுப்பில் பாதி நேரம் மட்டுமே திரையின் முன் கழிந்தது. மறு பாதியில் உதவி ஆசிரியர் ஒருவர் சிறு குழுவாக அமர்த்திப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஆகவே அது மென்பொருளின் தனி வெற்றியன்று. இரண்டாவது, கணிதத்தில் இவ்வளவு முன்னேறியும் பள்ளித் தேர்வின் கணித மதிப்பெண்ணில் அது தெளிவாகத் தென்படவில்லை. பள்ளித் தேர்வு அவ்வகுப்புக்குரிய பாடத்தைக் கேட்டது. பிள்ளையோ கீழ்வகுப்பில் விட்ட இடங்களை நிரப்பிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்தில் முதல் மதிப்பெண் என்று யாரேனும் உறுதி கூறினால் இச்செய்தியை நினைவுகூர்வது நல்லது.

பெங்களூரு தந்த இலவசக் கருவி

கட்டணப் பாடத்திட்டங்கள் பெருகிய இதே நகரம், கட்டணமில்லாத பொதுக் கருவி ஒன்றையும் நாட்டிற்கு அளித்துள்ளது. நந்தன் நீலேகணி, ரோகிணி நீலேகணி, சங்கர் மருவாடா ஆகியோர் தொடங்கிய ஏக்ஸ்டெப் அறக்கட்டளை பெங்களூருவில் இயங்குகிறது. அதன் ஆதரவில் உருவான சன்பேர்டு என்னும் திறந்த மென்பொருளின் மீதே மத்திய அரசின் தீக்ஷா தளம் கட்டப்பட்டது. அத்தளம் 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று தொடங்கிவைக்கப்பட்டது.

இதன் பயனைப் பாடநூலிலேயே காணலாம். 2018-ல் தமிழ்நாட்டில் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களில் பாடத்தின் அருகே சதுர வடிவ விரைவுக் குறியீடு அச்சிடப்பட்டது. கைப்பேசியால் அதைப் படித்தால், அப்பாடத்திற்குரிய காணொலியோ பயிற்சியோ திறக்கும். கர்நாடகம் உள்ளிட்ட பிற மாநிலங்களின் பாடங்களும், தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பாடங்களும் தீக்ஷாவில் உள்ளன. தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் புழங்கும் பெங்களூரு வீடுகளில், பள்ளியில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கேட்ட பாடத்தை வீட்டு மொழியிலும் ஒருமுறை பார்ப்பதற்கு இது உதவும். பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியவில்லையே என்று வருந்தும் பெற்றோருக்கு, தமிழ்நாடு அரசால் 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்டு, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்தின் பாடங்களும் துணை நிற்கும்.

இலவசமாகக் கிடைப்பவை அனைத்தும் சிறந்தவை என்று கூற வரவில்லை. தீக்ஷாவில் உள்ளவற்றிலும் கணிசமானவை வெறும் காணொலிகளே. ஆயினும் பிள்ளை எத்தகைய பாடத்தில் ஈடுபடுகிறது என்பதை, ஒரு ரூபாய் செலவிடும் முன்பே கண்டறிய இவை போதும்.

திரையால் ஆகாதவை

இத்தொழில்நுட்பத்தின் எல்லையை நமக்குக் காட்டியதும் பெங்களூருதான். இங்குள்ள அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை 2000-களின் முற்பகுதியில் அரசுப் பள்ளிகளில் கணினி வழிக் கற்றலை ஊக்குவித்து, பல மொழிகளில் பாடங்களைத் தயாரித்தது. கணினித் துறையில் ஈட்டிய செல்வத்தால் உருவான நிறுவனம் அது. எனினும், பல்லாண்டு அனுபவத்திற்குப் பின் 2010-ல் அதன் பொறுப்பாளர் அனுராக் பேஹர், கல்வியின் அடிப்படைச் சிக்கல்களுக்குக் கணினியே தீர்வு என்று நம்புவது உண்மையான பணியிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும் என்ற பொருளில் வெளிப்படையாக எழுதினார். ஆசிரியரை வலுப்படுத்துவதற்கே முதலிடம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

கொரோனாக் காலம் இம்முடிவை நாடெங்கும் சோதித்தது. 2020 ஜூன் மாதத்தில் சிறு பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு நடத்தக் கர்நாடக அரசு தடை விதித்தது. ஜூலை மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைத்தது. திரை பிள்ளைக்குக் கேடா, அதை மறுப்பது கல்வியை மறுப்பதா என்ற இரு கவலைகளிலும் நியாயம் இருந்தது. அதே மாதம் மத்தியக் கல்வித்துறை 'பிரக்யாதா' என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளில் 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரு அமர்வுகளுக்கு மேல் நேரலை வகுப்பு வேண்டாம் என்றது அது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு அமர்வுகள் என்று வரம்பிட்டது. வீட்டில் நேர ஒழுங்கு வகுக்க விரும்பும் பெற்றோருக்கு இவ்வரம்பு இன்றும் நல்ல அளவுகோல்.

பள்ளிகள் மூடிக் கிடந்ததன் விளைவை அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கர்நாடகம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் 16,067 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஆராயப்பட்டனர். முந்தைய ஆண்டில் பெற்றிருந்த மொழித் திறன்களில் ஒன்றையேனும் 92 விழுக்காட்டினர் இழந்திருந்தனர். கணிதத்தில் அவ்வாறு இழந்தோர் 82 விழுக்காட்டினர். எல்லார் வீட்டிலும் கைப்பேசி இல்லை என்பது இதன் ஒரு பகுதி. கைப்பேசி இருந்த வீட்டிலும், பிள்ளை எங்கே நின்றுவிட்டது என்று கவனித்து மறுபடி கைபிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் இல்லை என்பது மறு பகுதி.

எனவே அந்தத் தாயின் கேள்விக்கு நாம் கண்ட விடை இது. பிள்ளையின் உண்மையான நிலையிலிருந்து தொடங்கி, பிள்ளையைச் செயல்பட வைத்து, தவறை உடனே காட்டும் திரையால் பயன் உண்டு. அருகில் அக்கறையுள்ள ஒருவர் இருந்தால் அப்பயன் நிலைக்கும். இவ்விரண்டும் இல்லையேல் விலையுயர்ந்த பாடத்திட்டமும் தொலைக்காட்சியாகவே முடியும்.

அரைமணி நேரத்தில் அறியும் வழி

ஒரு பாடத்திட்டம் எத்தகையது என்பதை அறியப் பெற்றோருக்குக் கணினி அறிவு தேவையில்லை. பிள்ளையின் அருகில் அரைமணி நேரம் அமர்ந்து பின்வருவனவற்றைக் கவனித்தால் போதும்.

பிள்ளையின் கை என்ன செய்கிறது? பத்து நிமிடமாகத் திரையைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் அது காணொலிதான்.

தவறான விடைக்குத் திரை என்ன சொல்கிறது? சிவப்பு நிறம் காட்டிச் சரியான விடையை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் பயன் குறைவு. எங்கே பிசகியது என்று காட்டி, எளிய கேள்வி ஒன்றைக் கொடுத்து மீண்டும் முயலச் செய்தால் நல்லது.

பிள்ளைக்குத் தெரிந்ததற்கேற்பப் பாடம் மாறுகிறதா? அக்காவும் தம்பியும் மாறி மாறி அமர்ந்தாலும் ஒரே கேள்விகள் வந்தால் மாறவில்லை என்று பொருள்.

படித்ததைத் திரையை அணைத்துவிட்டுத் தாளில் செய்ய முடிகிறதா? ஒரு சப்பாத்தியை மூன்றில் ஒரு பங்காகப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். முடியாவிட்டால் அது கற்றதாகாது.

நாணயங்களும் பரிசுகளும் எதற்காகக் கிடைக்கின்றன? கணக்கைச் செய்ததற்கா, தினமும் செயலியைத் திறந்ததற்கா? திறந்ததற்காக மட்டும் பரிசென்றால், பிள்ளையைப் படிக்க வைப்பதைவிடத் திரையின் முன் இருத்தி வைப்பதே அதன் நோக்கம்.

பிள்ளையைப் பற்றிய எத்தகவல்களைக் கேட்கிறது? 2023-ன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. பள்ளிப் பாடத்திற்குத் தேவையற்ற நிழற்படம், இருப்பிடம், தொடர்பு எண்களின் பட்டியல் ஆகியவற்றைக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

கையொப்பமிடும் முன்

இனி நம் துறைக்கு வருவோம். 2021 டிசம்பர் 23 அன்று மத்தியக் கல்வி அமைச்சகம் இணையவழிக் கல்வி நிறுவனங்கள் தொடர்பாகப் பொதுமக்களுக்கு எச்சரிக்கைக் குறிப்பொன்றை வெளியிட்டது. இலவசம் என்று தொடங்கித் தானியங்கிப் பற்றில் முடியும் ஒப்பந்தங்களைக் குறித்தும், பெற்றோர் அறியாமலே ஏற்படும் கடன்களைக் குறித்தும் அது எச்சரித்தது. வங்கி மேசையில் நாம் காண்பதும் அதுவே. ஆதலால் சில நடைமுறைகளை விளக்குகிறோம்.

கட்டணத் தவணையும் கடன் தவணையும் வேறு. கடன் தவணையில், வங்கியோ வங்கிசாரா நிதி நிறுவனமோ முழுத் தொகையையும் பாடத்திட்டத்திற்காக முதலிலேயே கொடுத்துவிடுகிறது. அதன் பின் நீங்கள் கடன்பட்டிருப்பது கடன் தந்தவருக்கு. பிள்ளை பாடத்தைப் பாதியில் விட்டாலும், பாடம் நடத்தும் நிறுவனமே மூடப்பட்டாலும் தவணை தொடரக்கூடும். ஆகவே "இது கட்டணமா, கடனா? கடன் தருபவர் யார்?" என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

'வட்டியில்லாத் தவணை' என்ற சொல்லில் மயங்க வேண்டாம். சுழிய வட்டி என்று ஒன்று உண்மையில் இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே தெளிவுபடுத்தியது. அவ்வட்டி பெரும்பாலும் விலையிலோ பரிசீலனைக் கட்டணத்திலோ மறைந்திருக்கும். ஒரே தொகையாகச் செலுத்தினால் என்ன விலை என்று கேட்டால் வேறுபாடு வெளிப்பட்டுவிடும்.

எண்மக் கடன்களுக்கான ரிசர்வ் வங்கி விதிகளின்படி, கடனின் மொத்த ஆண்டுச் செலவு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் தருபவர் உங்களுக்கு அளிக்க வேண்டும். கடன் வேண்டாமென்று மறு எண்ணம் தோன்றினால், ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட தொடக்க நாட்களுக்குள் அசலையும் அந்நாட்களுக்குரிய செலவையும் திருப்பிச் செலுத்தி, அபராதமின்றி விலகலாம். அந்நாட்கள் எத்தனை என்பதைக் கையொப்பமிடும் நாளிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தானியங்கிப் பற்று ஆணையை ரத்து செய்யக் கணக்குதாரருக்கு உரிமை உண்டு; கிளையிலோ இணைய வங்கியிலோ யுபிஐ செயலியிலோ செய்யலாம். ஆனால் அதனால் கடன் ரத்தாகாது. தவணை தவறினால் கடன் மதிப்பெண் குறையும். நாளை வீட்டுக் கடனுக்கு வரும்போது அது எதிரே நிற்கும். கணக்கில் இருப்பு இல்லாமல் பற்று திரும்பினால் கட்டணமும் சேரும். காசோலை திரும்புவதைப் போன்றே சட்ட நடவடிக்கைக்கும் இடமுண்டு. ஆகவே முதலில் கடன் தந்தவருக்கு எழுத்தில் தெரிவித்து, பிறகே ஆணையைப் பற்றி முடிவெடுங்கள்.

கடவு எண்ணும் கையொப்பமே. விற்பனைப் பிரதிநிதியின் அவசரத்திற்காக அதைச் சொல்லாதீர்கள். பாடத்திட்டம் குறித்த குறைகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உள்ளது. கடன் தந்தவர் மீதான குறைக்கு முதலில் அந்நிறுவனத்திடமே முறையிட வேண்டும். 30 நாட்களில் நிறைவான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

கடன் கொடுப்பதும் நம் தொழில்தான். எனினும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பின்னக் கணக்கிற்காக ஒரு குடும்பம் ஓராண்டுக் கடனில் இறங்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே கூறுவோம். முதலில் மூன்று மாதம் இலவசப் பாடங்களைப் பிள்ளையுடன் அமர்ந்து பாருங்கள். கடனுக்குக் கட்டவிருந்த 3,000 ரூபாயை அம்மூன்று மாதமும் தொடர் வைப்பில் செலுத்துங்கள். அதன் பிறகும் கட்டணப் பாடம் தேவை என்று தோன்றினால், அப்பணத்தில் குறுகிய காலத்திற்கு மட்டும் வாங்கலாம். தேவையில்லை என்று தெரிந்தால் பணம் உங்களிடமே இருக்கும்.

ஸ்ரீராமபுரத்துத் தாயின் கடன் நிற்கவில்லை. விலகும் நாட்கள் கடந்துவிட்டிருந்தன. மீதி எட்டுத் தவணைகளையும் அவர் தவறாமல் கட்டி முடித்தார். பணம் கட்டியாயிற்றே என்று, தையல் வேலை முடிந்து வந்த பின் இரவு உணவுக்கு முன்பு அரைமணி நேரம் மகளின் அருகில் அமரத் தொடங்கினார். அவருக்கு ஆங்கிலப் பாடம் புரியாது. "இப்போது என்ன செய்தாய், எனக்குச் சொல்" என்று மட்டும் கேட்பாராம். மகள் தமிழில் விளக்குவாளாம். விளக்க முடியாத இடத்தில் மறுபடி பாடத்தைத் திறப்பாளாம். கடைசித் தவணை முடிந்த மாதம் பாஸ்புக்கில் பதிவு செய்ய வந்தபோது இதை நம்மிடம் சொன்னார். பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கவில்லை என்றும், விரைவுக் குறியீட்டுப் பாடங்களே இப்போதைக்குப் போதும் என்று மகளே சொல்லிவிட்டாள் என்றும் கூறினார். அன்றே 1,000 ரூபாயில் தொடர் வைப்புக் கணக்கொன்றையும் தொடங்கிச் சென்றார்.